பழைய பாக்கி

எல்லா வண்டியும் மண்டபத்தில்
எங்கள் ஓட்டலைத் தாண்டித்தான் பாலம் ஏறுகிறது.
தாண்டித்தான். நிற்பதில்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள்
இரண்டு வேன் நின்றது.
விளக்கு, குடை, சுருள் சுருளாய் ஒயர்,
என் கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே ஒரு கேமரா.
செஃப் இளம்பரிதி நேரே அடுப்படிக்குப் போய்
ஐஸ்பெட்டியைத் திறந்தார்.
ஒரு சீலாவை வாலைப் பிடித்துத் தூக்கி,
"வாசலில் கடல்! பெட்டிக்குள் பிணம்!"

வெளிச்சம் பத்தவில்லையாம்,
மறுபடி திட்டச் சொன்னார்கள். திட்டினார்.
மூன்றாம் தடவைதான்
என் வீட்டுக்காரர் கலந்தர் தலை குனிந்தது
சரியாக விழுந்தது.

தடைக்காலம் என்று நான் சொன்னதை
ஒளிபரப்பில் காணோம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கும் அறுபத்தோரு நாள்.
நாட்டுப்படகில் வருகிற கொஞ்சமும்
கரையிலேயே ரொக்கத்துக்குப் போய்விடும்.
ரொக்கம் எங்களிடம் வந்து
ரொம்ப நாளாயிற்று.

தொண்ணூற்று நாலு அயிட்டம் இருந்த மெனுவில்
ஏழை விட்டுவிட்டு மிச்சத்தை அடித்தார்.
பன்னீர் பட்டர் மசாலா போயிற்று
(நாங்கள் பன்னீர் வாங்கியதே இல்லை).
அது எனக்குப் பிடித்தது. அதையும் சொல்லவேண்டும்.
ஓதம் ஏறிய சுவரில் நீலம் பூசினார்கள்.
மெத்தை வைத்த பதினாறு நாற்காலி.
வாசல் போர்டில்
அல்நூர் என்ற எழுத்தைவிட
அவர் மீசை பெரிது.

மறுநாள் விடிய, கரைக்கு.
கேமரா முன்னால் போக
செஃப் ஜெபமாலையின் கூடைக்குள் கை விட்டார்.
"எந்தக் கடைக்கு?" என்றாள்.
"அல்நூர்."
மூடியை எடுத்துக் கூடையில் கவிழ்த்தாள்,
அவர் கை உள்ளே இருக்கும்போதே.
"பதினெட்டாயிரத்து நானூறு. பழைய பாக்கி.
அதை வச்சிட்டு மீனைத் தொடுங்க."
கட், கட் என்றார்கள்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன். அன்றைக்கு அதில்
பார்க்க ஒரு அலைகூட இல்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி
மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு
அடுப்படியில் எங்களோடு உட்கார்ந்தார்.
கஞ்சியும் சூடை ஆணமும்.
"இதை ஏன் விற்கவில்லை?"
"இது எங்களுக்கு."
ரெண்டாம் தடவை ஊற்றச் சொன்னார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
சைதாப்பேட்டையில் தனக்கும் ஒரு கடை இருந்து
மூடியதைச் சொன்னார்.
அந்தப் பால்காரருக்கு இன்னும் பாக்கியாம்.
மெனுவில் எட்டாவதாக
பேனாவால் எழுதிவிட்டுப் போனார்: சூடை ஆணம்.

ஒளிபரப்பான பிறகு மூன்று வாரம் கூட்டம்.
மீசைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி.
நாலாம் வாரம் ஈ.

பதினாறு நாற்காலியையும்
உச்சிப்புளி கல்யாண மண்டபத்துக்குத் தள்ளிவிட்டேன்.
பத்தொன்பதாயிரம்.
கலந்தர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.
ஜெபமாலை எச்சில் தொட்டு இருமுறை எண்ணி
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
கொசுறாக ஒரு நண்டு போட்டாள், கால் ஒடிந்தது.

ஆடியில் அவர் திரும்ப வந்தார்.
"அதற்குப் பிறகு" என்று ஒரு பகுதி எடுப்பார்களாம்.
வாசலில் நின்று போர்டைப் பார்த்தார்:
உப்புக்காற்று மீசையைத்தான் முதலில் தின்றிருந்தது.
உள்ளே பழைய பெஞ்சு. நாலு மேசையில் ஆள்,
ரெண்டு டிரைவர், ஒரு வாத்தியார் குடும்பம்,
நாளையும் வருகிற முகங்கள்.

"நாற்காலியெல்லாம் எங்கே?"
கேமரா என் பக்கம் திரும்பிற்று.
நான் தட்டை வைத்தேன்.
காலை ஐந்து மணிக்கு உயிரோடு இருந்த ஊளி.
விரலால் அழுத்திப் பார்த்தார், பிய்த்தார்,
வாயில் போட்டார்.
அப்புறம் பெஞ்சில் நகர்ந்து
தோதாக உட்கார்ந்துகொண்டார்.

வெளிச்சம் பத்தவில்லை, இன்னொரு முறை
கேட்டுவிடலாமா சார் என்றான் கேமராக்காரன்.
வேண்டாம் என்று
வாய் நிறைய வைத்துக்கொண்டு கையசைத்தார்,
"மீன் ஆறிடும்."